புறா ஜோடியும் மோதிர ஜோசியமும்



புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் சாலையில் இருக்கிறது திருவரங்குளம். இவ்வூர்க் கோயில் கோபுரத்தில் மாடப்புறாக்கள் காலையும் மாலையும் வட்டமடிக்கும். அவற்றில் எது ஆண், எது பெண் என்று யாரும் கவலைப்பட்டதில்லை. ஆனால் சென்ற ஆண்டு, எங்கள் தெருவில் ஒரு வீட்டில், அந்தக் கேள்வி எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியை மூன்று நாள் அழ வைத்துவிட்டது. அந்தக் கதையைச் சொல்லி, அதன் பின்னால் இருக்கும் விஞ்ஞானத்தையும் என் கருத்தையும் உங்கள் முன் வைக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு அவளுடைய தந்தை இரண்டு வெள்ளைப் புறாக்கள் வாங்கித் தந்தார். இவை நம் கோபுரத்து மாடப்புறாக்கள் அல்ல. அவற்றைவிடச் சிறியவை. கடைக்காரர்கள் 'டவ்' என்று சொல்லும் வளையப்புறா இனம். ஆப்பிரிக்கக் காட்டுப்புறா ஒன்றிலிருந்து மனிதன் பழக்கி வளர்த்தெடுத்த இனம் இது. ஆணும் பெண்ணும் ஒரே நிறம், ஏறக்குறைய ஒரே அளவு. பிறகு ஜோடி என்று எப்படி உறுதி செய்வது?

விற்றவர் தம் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி, ஒரு நூலில் கட்டி, முதல் புறாவின் தலைக்கு மேல் தொங்கவிட்டாராம். மோதிரம் முன்னும் பின்னுமாக ஆடியது. "இது ஆண்" என்றார். இரண்டாவது புறாவின் மேல் பிடித்தார். மோதிரம் வட்டமடித்தது. "இது பெண்" என்றார். ஜோடிக்குரிய விலையை வாங்கிக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் புறாக்கள் முட்டையிட்டன. வீடே மகிழ்ந்தது. வளையப்புறா முட்டை ஏறக்குறைய 14 நாளில் பொரிக்க வேண்டும். மூன்று வாரம் ஆயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. அப்பத்தாவுக்குக் காரணம் உடனே கிடைத்துவிட்டது. "இவ தொட்டுத் தொட்டுப் பார்த்தா தம்பி. மனுசக் கை பட்ட முட்டை எங்கே பொரிக்கும்?" என்றார் என்னிடம். "முட்டை பொரிக்காத புறா வீட்டுக்கு ஆகாது" என்று வேறு யாரோ சொல்ல, இரண்டையும் குளத்தங்கரையில் பறக்கவிட்டுவிடலாம் என்று முடிவாகியிருந்தது.

அந்தப் பெண் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "சார், நான் தொட்டதால்தான் பொரிக்கலையா?" என்று கேட்டாள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது.

நோட்டுப் புத்தகம் சொன்ன சாட்சி

நான் இயற்பியல் ஆசிரியன். பறவைகளைப் பற்றி நூல்களில் படித்தவன்தானே தவிர, புறா வளர்த்தவன் அல்லன். ஆனால் அந்த நோட்டுப் புத்தகம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அவள் நாள்தோறும் பார்த்ததை எழுதி வைத்திருந்தாள். ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: "திங்கள் மாலை ஒரு முட்டை. செவ்வாய் மாலை இரண்டு. புதன் காலை மூன்று. வியாழன் காலை நான்கு."

இந்த நான்கு வரிகளை மீண்டும் ஒரு முறை படியுங்கள். இதில் ஏதாவது தட்டுப்படுகிறதா?

புறா இனத்தில் ஒரு பெண் பறவை ஓர் ஈட்டுக்குப் பொதுவாக இரண்டு முட்டைதான் இடும். முதல் முட்டைக்கும் இரண்டாவது முட்டைக்கும் இடையே ஏறக்குறைய ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். முட்டை ஓடு உருவாக அவ்வளவு நேரம் தேவை. முதல் முட்டை மாலையில் வந்தால், அடுத்தது ஒரு நாள் விட்டு மறுநாள் காலையில் வரும். இப்போது கணக்குப் பாருங்கள். திங்கள் மாலை, புதன் காலை: இது ஒரு தாயின் ஈடு. செவ்வாய் மாலை, வியாழன் காலை: இது இன்னொரு தாயின் ஈடு. ஒரே பறவை நான்கையும் இட்டிருக்க முடியாது.

ஆகவே இரண்டுமே பெண்! கருவுறாத முட்டையை மனிதக் கை தொட்டாலும் தொடாவிட்டாலும் அது பொரிக்கப் போவதில்லை.

"நீ தொட்டது காரணம் இல்லை, அம்மா. உன் நோட்டுதான் உண்மையைக் கண்டுபிடித்திருக்கிறது" என்றேன். மனித வாசனை பட்டதும் பறவை முட்டையைக் கைவிட்டுவிடும் என்பது சரியல்ல. அடிக்கடி கிளப்பித் தொந்தரவு செய்தால் அடைகாப்பு கெடும். அது வேறு விஷயம்.

"ஆனால் சார், ஒன்று மற்றொன்றின் முன்னால் குனிந்து குனிந்து கூவியதே! அது ஆண் இல்லையா?" என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. குனிந்து கூவுவது ஆணின் வழக்கம்தான். ஆனால் ஆண் துணை இல்லாதபோது இரண்டு பெண் புறாக்கள் ஜோடி சேர்வதுண்டு. அப்போது ஒன்று ஆணைப்போல் கூவும், கூடு கட்டும். மோதிரக்காரர் சொன்னது சரி என்று வீட்டார் நம்பியதற்கு இதுவும் ஒரு காரணம். முன்பே ஒரு முடிவை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், கண் அதற்கு ஏற்ற சாட்சியை மட்டுமே பொறுக்கிக் கொண்டு வரும்.

மோதிரம் ஏன் ஆடியது?

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பரிசோதனை நடத்தினோம். நீங்களும் செய்து பார்க்கலாம். 25 சென்டிமீட்டர் நூலும் ஒரு மோதிரமும் போதும்.

முதலில் அப்பத்தாவே நூலைப் பிடித்தார். புறாக்கூண்டின் மேல் மோதிரம் அழகாக வட்டமடித்தது. அடுத்து, அதே நூலை ஒரு கம்பில் கட்டி, கம்பை இரண்டு நாற்காலிகளின் முதுகில் வைத்தோம். அதே புறா, அதே மோதிரம். ஆனால் மோதிரம் அசையவில்லை. புறாவின் உடலிலிருந்து ஏதோ ஒரு சக்தி வந்து மோதிரத்தை ஆட்டுகிறது என்றால், கம்பில் கட்டியவுடன் அந்தச் சக்தி எங்கே போயிற்று?

மூன்றாவதாக, அப்பத்தாவுக்குத் தெரியாமல் ஒரு மூடிய அட்டைப் பெட்டியில் உருளைக்கிழங்கை வைத்து, "இதில் ஒரு பெட்டை இருக்கிறது" என்றோம். மோதிரம் வட்டமடித்தது! திறந்து காட்டியபோது எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அப்பத்தாதான்.

இனி இயற்பியலுக்கு வருவோம். நூலில் தொங்கும் மோதிரம் ஒரு தனி ஊசல். 25 செ.மீ. நீள ஊசலின் அலைவு நேரம் ஏறத்தாழ ஒரு வினாடி. கை எவ்வளவு அமைதியாக இருந்தாலும் தசைகளில் மெல்லிய நடுக்கம் இருந்துகொண்டே இருக்கும். அந்த அசைவில் ஒரு சிறு பகுதி ஊசலின் அலைவு நேரத்தோடு ஒத்துப்போனால் போதும், ஒவ்வொரு தள்ளலும் சேர்ந்து சேர்ந்து வீச்சு பெருகும். ஊஞ்சலில் இருக்கும் தம்பியை ஒரு விரலால் சரியான நேரத்தில் தள்ளித் தள்ளி உயரே அனுப்புகிறீர்களே, அதே ஒத்ததிர்வுதான் இது.

நேர்கோடும் வட்டமும் எப்படி வந்தன? ஊசலை முன்னும் பின்னும் ஒரு முறை தள்ளுங்கள். பிறகு அதே அளவு வலமும் இடமும் தள்ளுங்கள். இரண்டு அலைவுகளும் ஒரே கட்டத்தில் இருந்தால் மோதிரம் சாய்வான ஒரு நேர்கோட்டில் ஆடும். ஒன்றுக்கொன்று கால் அலைவு நேரம் முன்பின்னாக இருந்தால் வட்டம் போடும். இடைப்பட்டால் நீள்வட்டம். கையின் தள்ளல் எந்த நேரத்தில் விழுந்தது என்பதைத்தான் மோதிரம் காட்டுகிறது. கீழே இருப்பது ஆணா, பெண்ணா, உருளைக்கிழங்கா என்பது அதற்குத் தெரியாது.

நூலைப் பிடிப்பவர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. பிரெஞ்சு வேதியியல் அறிஞர் செவ்ரல் இதைத் தம் கையிலேயே சோதித்துப் பார்த்தார். தம் ஊசல் பாதரசத்தின் மேல் ஆடுவதைக் கண்டார். கண்ணைக் கட்டிக்கொண்டபோது அந்த ஆட்டம் நின்றது. ஊசல் ஆடும் என்ற எண்ணமே தம்மை அறியாமல் கையை அசைத்தது என்று முடிவு செய்தார். 1833இல் இதை ஒரு கடிதமாக எழுதினார். யாருக்குத் தெரியுமா? மின்னோட்டத்தின் அலகுக்குப் பெயர் தந்த ஆம்பியருக்கு! இருபது ஆண்டுகள் கழித்து, 1853இல், 'ஆவி' வந்து மேசையைச் சுழற்றுகிறது என்று இங்கிலாந்தில் பரபரப்பு எழுந்தபோது, மேசையைத் தள்ளுவது அதன்மேல் கை வைத்திருப்பவர்களே என்று ஃபாரடே ஒரு கருவி அமைத்துக் காட்டினார்.

பாதிக்குப் பாதி சரியாகும் பொய்

"அப்படியானால் மோதிரக்காரர் சொன்னது பல பேருக்குப் பலிக்கிறதே?" என்று கேட்பீர்கள். பலிக்கத்தான் செய்யும்! கண்ணை மூடிக்கொண்டு இரண்டு புறாக்களைப் பிடித்துக் கொடுத்தாலே, ஒன்று ஆணும் ஒன்று பெண்ணுமாக அமைய நிகழ்தகவு 1/2. இரண்டும் ஆணாக அமைய 1/4. இரண்டும் பெண்ணாக அமைய 1/4. இரண்டு நாணயங்களைச் சுண்டிப் பாருங்கள், புரியும். பலித்த பாதிப்பேர் அவர் புகழைப் பாடுவார்கள். பலிக்காதவர்கள் தங்கள் ராசியையோ, தங்கள் வீட்டுச் சிறுமியையோ குறை சொல்வார்கள்.

உண்மையிலேயே ஒருவருக்குத் தெரியுமா என்று சோதிக்க வேண்டுமானால், பால் ஏற்கெனவே உறுதியான 10 புறாக்களைக் கொடுத்து, அவருக்கு விடை தெரியாதபடி சொல்லச் சொல்லுங்கள். வெறும் ஊகத்தால் பத்தும் சரியாக வர வாய்ப்பு 1024இல் ஒன்றுதான்.

பிறகு எப்படித்தான் அறிவது?

எல்லாப் புறாக்களும் இப்படி நம்மைத் திணற வைப்பதில்லை. நம் தமிழ்நாட்டின் மாநிலப் பறவையான மரகதப்புறாவில், ஆணுக்குத் தலை உச்சி சாம்பல் நிறம், தோளில் வெள்ளைப் பட்டை. பெண் சற்றுப் பழுப்பாக இருக்கும். நம் வறண்ட வயல்வெளிகளில் காணும் தவிட்டுப்புறா வகைகளில் ஒன்றில் ஆண் செங்கல் நிறம், தலை சாம்பல் நிறம். பெண்ணோ மங்கிய பழுப்பு. இதன் விஞ்ஞானப் பெயர் 'ஸ்ட்ரெப்டோபீலியா ட்ரான்குபாரிகா'. நம் தரங்கம்பாடியின் ஐரோப்பியப் பெயரிலிருந்து வந்தது அது!

ஆனால் மாடப்புறா, புள்ளிப்புறா, வளையப்புறா ஆகியவற்றில் நிறம் உதவாது. ஆணின் தலை சற்றுப் பெரிது, கழுத்து சற்றுத் தடிப்பு என்பார்கள். சராசரியில் அது உண்மை. ஆனால் சிறிய ஆணும் பெரிய பெண்ணும் உண்டே! அடிவயிற்றின் கீழே இரண்டு இடுப்பெலும்பு முனைகளைத் தடவிப் பார்ப்பார்கள். முட்டையிட்ட பெண்ணுக்கு இடைவெளி அகன்றிருக்கும். இளம் பெண்ணுக்கு அப்படி இராது. எனவே இவை குறிப்புகள் மட்டுமே, தீர்ப்பு அல்ல.

பொறுமையுள்ளவருக்கு முட்டையே சாட்சி. இரண்டு முட்டை வந்து, அடைகாத்த ஐந்தாறு நாளில் இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தில் மெல்லிய இரத்த நாளங்கள் தெரிந்தால் அது உண்மையான ஜோடி. அடைகாப்பிலும் ஒழுங்கு உண்டு. பெரும்பாலும் பகலின் நடுப்பகுதியில் தந்தை அமர்வார். மாலை முதல் மறுநாள் முற்பகல் வரை தாய். குஞ்சுக்குத் தீனிப்பையிலிருந்து 'பால்' சுரந்து ஊட்டுவதும் இருவருமே.

அவசரமாக அறிய வேண்டுமானால் டி.என்.ஏ. சோதனை இருக்கிறது. மனிதரில் ஆணுக்குத்தான் வேறுபட்ட இரண்டு பால் குரோமோசோம்கள். பறவையில் தலைகீழ்: ஆணுக்கு இசட்-இசட், பெண்ணுக்கு இசட்-டபிள்யூ. இந்த இரண்டு குரோமோசோம்களிலும் இருக்கும் ஒரு மரபணுத் துண்டின் நீளம் ஒன்றில் சிறிது, மற்றதில் பெரிது. டி.என்.ஏ. எதிர்மின்னூட்டம் கொண்டது. கூழ்ப்பரப்பில் மின்புலம் கொடுத்தால் நேர்மின்வாயை நோக்கி ஓடும். குட்டைத் துண்டு வேகமாகவும், நீளத் துண்டு மெதுவாகவும் போகும். ஒரு கோடு தெரிந்தால் ஆண், இரண்டு கோடு தெரிந்தால் பெண். பெரும்பாலான பறவைகளுக்குப் பொருந்தும் இந்த முறை 1998இல் வெளியானது. சில இறகுகளின் அடிப்பகுதியோ ஒரு துளி இரத்தமோ போதும். ஆனால் இறகை நீங்களே பிடுங்க வேண்டாம். கால்நடை மருத்துவர் எடுக்கட்டும்.

இதற்கு ஒரு சுவையான எடுத்துக்காட்டு. முதல் உலகப்போரில், 1918 அக்டோபரில், பிரான்சின் ஆர்கான் காட்டில் சூழப்பட்ட அமெரிக்கப் படைப்பிரிவின் செய்தியைக் குண்டடி பட்ட நிலையிலும் கொண்டு சேர்த்தது 'செர் அமி' என்ற புறா. 1919இல் அது இறந்ததும் பாடம் செய்து ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். சிலர் ஆண் என்றார்கள். வேறு சிலரோ பெண் என்றார்கள். வாதம் ஒரு நூற்றாண்டு நீடித்தது. 2021இல் டி.என்.ஏ. சோதனைதான் முடிவு சொன்னது: ஆண். கையில் வைத்துப் பார்த்த நிபுணர்களுக்கே அப்படியென்றால், ஒரு மோதிரத்தால் என்ன சொல்ல முடியும்?

தவறான விடைக்கு விலை கொடுப்பது யார்?

"ஆணோ பெண்ணோ, ஏதோ ஒன்று. இதில் என்ன நஷ்டம்?" என்று நீங்கள் எண்ணலாம். நஷ்டம் பறவைக்கு. இரண்டு ஆண்களை ஜோடி என்று குறுகிய கூண்டில் அடைத்தால், ஒன்று மற்றதன் தலையைக் கொத்திப் புண்ணாக்கிவிடும். ஓடித் தப்ப இடமில்லை. முட்டை வராத ஜோடியையும் பொரிக்காத ஜோடியையும் 'ராசியில்லை' என்று பறக்கவிடுவார்கள். கூண்டில் பிறந்து வளர்ந்த வெள்ளைப் புறாவுக்கு இரை தேடத் தெரியாது. வல்லூறைக் கண்டு ஒளியத் தெரியாது. அதன் வெள்ளை நிறமே எதிரிக்கு அழைப்பு. விழாக்களில் புறா பறக்கவிடுவதையும் இதே காரணத்தால் நான் எதிர்க்கிறேன். 1988இல் சியோல் ஒலிம்பிக் தொடக்க விழாவில் பறக்கவிட்ட புறாக்களில் சில ஒலிம்பிக் தீக்கொப்பரையின் விளிம்பில் அமர்ந்து, தீ மூட்டியபோது எரிந்துபோயின. உலகமே பார்த்த காட்சி அது.

புறா வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. கூண்டில் இரண்டு பறவைகளும் ஒரே நேரத்தில் சிறகை முழுவதும் விரித்தாலும் கம்பியில் படாத அளவு இடம் இருக்கட்டும். வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். எலியும் பாம்பும் நுழையும். பூனையின் கை எட்டாதபடி சுவரிலிருந்து தள்ளி, உயரத்தில் வையுங்கள். கூண்டுக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் குஞ்சை எறும்பு தாக்காது. அந்தத் தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒரு முறை மாற்றாவிட்டால் கொசு வளரும்.

கத்திரி வெயிலில் தகரக் கூரையின் கீழ் கூண்டு வைப்பது அடுப்பில் வைப்பதற்குச் சமம். நிழலும், குளிக்க அகன்ற தட்டில் நீரும் வேண்டும். கோழி அலகில் நீரை அள்ளித் தலையைத் தூக்கி விழுங்கும். புறா அப்படியல்ல, அலகை நீரில் அமிழ்த்தி உறிஞ்சிக் குடிக்கும். எனவே கிண்ணத்தில் இரண்டு மூன்று செ.மீ. ஆழமாவது நீர் இருக்கட்டும். கம்பு, தினை, சோளம் கொடுங்கள். முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், பொடித்த கிளிஞ்சல் வையுங்கள். வீட்டுக்குள் திறந்துவிடும்போது மின்விசிறியை நிறுத்துங்கள்.

புதிதாக வாங்கிய பறவையை ஒரு மாதம் தனியே வைத்துப் பாருங்கள். கழுத்தைத் திருகிக்கொண்டு தடுமாறினால் அது திருஷ்டி அல்ல, வைரஸ் நோய். கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். தடுப்பூசி பற்றியும் அங்கே கேளுங்கள். எச்சத்தை உலர்ந்த நிலையில் கூட்டாதீர்கள். அந்தத் தூசி நம் நுரையீரலுக்குக் கேடு. நீர் தெளித்து, மூக்கை மூடிக்கொண்டு அள்ளி, கைகளைச் சோப்பால் கழுவுங்கள்.

இன்னொன்று. கருவேல மரத்துக் கூட்டிலிருந்து புள்ளிப்புறாக் குஞ்சை எடுத்து வந்து வளர்ப்பது பாசம் அல்ல. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமும்கூட.

என் கருத்து

சோதித்துப் பாராமல் 'ஜோடி' என்று சொல்லி விற்பது தவறு. அதைக் கேட்டு வாங்குவதும் தவறே. "இரண்டு புறா தருகிறேன், பால் எனக்குத் தெரியாது" என்று சொல்லும் கடைக்காரர் கிடைத்தால் அவரிடமே வாங்குங்கள். அவர்தான் நேர்மையானவர். அதைவிட முக்கியம், ஒரு காரியம் தவறிப்போனால் உடனே யார் மேலாவது பழி போடாமல் இருப்பது. அந்த வீட்டில் பழி விழுந்தது, உண்மையைத் தேதி வாரியாக எழுதி வைத்திருந்த ஒரே ஆளின் மேல்!

இரண்டு புறாக்களும் இன்றும் அதே வீட்டில் இருக்கின்றன. அவற்றைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு பெண்களும் ஒற்றுமையாகத்தான் வாழ்கின்றன. முட்டைகளை உடனே எடுத்துவிட்டால் மீண்டும் மீண்டும் இட்டு உடல் மெலியும். அதனால் புறாக்கள் தாமே எழுந்து போகும்வரை முட்டைகளைக் கூட்டிலேயே விட்டுவைக்கிறார்கள். கூண்டைச் சுத்தம் செய்வது அந்தப் பெண். தண்ணீர் மாற்றுவது அப்பத்தா. மோதிரம் மீண்டும் அவர் விரலுக்கே போய்விட்டது.

உங்கள் வீட்டிலும் புறா இருந்தால் இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, நேரம், பார்த்தது, இந்த மூன்றையும் எழுதுங்கள். என்ன நினைத்தீர்கள் என்பதைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள். ஒரு மாதம் கழித்து எடுத்துப் படித்துப் பாருங்கள்.